நனைத்துப் பார்க்காத விதை

ஐப்பசி இரண்டாவது வாரம் மழை பெய்தது. ஒரே இரவுதான். காலையில் கரிசல் செருப்பைப் பிடித்து இழுத்தது.

நல்லமுத்து தன் கரிசல் காட்டுக்குப் போய் மண்ணில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு வந்தார். விரல் முழுக்க ஈரம் ஒட்டியிருந்தது.

"நாளைக் கழிச்சு வெதைச்சுறலாம். மதன்குமார்ட்ட டிராக்டருக்குச் சொல்லிட்டேன்."

அவர் மனைவி முருகலட்சுமி பரணிலிருந்து கொத்தமல்லி விதைச் சாக்கை இறக்கச் சொன்னாள். மகள் தங்கலட்சுமி இறக்கினாள்.

தங்கலட்சுமிக்கு முப்பது வயது. ஐதராபாத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்கு வேலை செய்கிறாள். ஏழாவது வருடம். செல்களைப் பற்றிய ஆராய்ச்சி. எம்.ரெட்டியபட்டியில் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பதால் முருகலட்சுமி, "புத்துநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறா" என்று ஊருக்குச் சொல்லிவைத்திருந்தாள். பஸ் நிறுத்தத்தில் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். "சீக்கிரம் கண்டுபிடி ஆத்தா. எங்க சின்னையா ரெண்டு வருசமாக் காத்துக் கெடக்காரு." தங்கலட்சுமி சிரித்துவிட்டுப் போவாள்.

மூன்று பொங்கலுக்கு வராதவள் இந்த முறை சொல்லாமல் வந்தாள். வந்து பதினோரு நாள் ஆகிறது. போன் அடித்தால் யாரென்று பார்த்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறாள்.

தாயும் மகளும் சிமெண்டுத் தரையில் மல்லியைப் பரப்பி உட்கார்ந்தார்கள். பழைய ரப்பர் செருப்பால் தேய்க்க வேண்டும். தேய்த்தால் ஒரு மல்லி இரண்டாக உடையும். இரண்டும் முளைக்கும். அழுத்தினால் நொறுங்கிவிடும்.

"மெதுவாத் தேயி. மல்லி ஒனக்குப் பகையாளியா?"

தங்கலட்சுமி கையைத் தளர்த்தினாள்.

"லீவு எத்தனை நாளு?"

"தெரியலம்மா."

"அது என்ன தெரியல? மில்லுக்குப் போறவளுக்குக்கூட லீவு எத்தனைன்னு தெரியுது. ஒனக்குத் தெரியலையாக்கும்."

தங்கலட்சுமி அடுத்த பிடி மல்லியைத் தேய்த்தாள்.

"எவனையாச்சும் பாத்து வச்சிருக்கியா? இருந்தாச் சொல்லிரு. ஒங்க அய்யாகிட்ட நான் பேசுறேன்."

"அதெல்லாம் இல்லம்மா."

"இருந்தாக்கூடச் சந்தோசப்படுவேன். முப்பது வயசுப் பிள்ளை பதினோரு நாளா மோட்டுவளையைப் பாத்துப் படுத்துக் கெடந்தா நான் என்னன்னு நெனைக்க?"

முருகலட்சுமி சுளகை எடுத்துத் தேய்த்த மல்லியைப் புடைத்தாள். தூசி பறந்தது. வீடு முழுக்க மல்லி வாசம். தங்கலட்சுமிக்குத் தும்மல் வந்தது. ஆய்வுக்கூடத்தில் தும்மல் வந்தால் செல் வளர்க்கும் தட்டுகளை மூடிவிட்டு வெளியே ஓட வேண்டும். அவள் எழுந்து வாசல்வரை ஓடினாள். ஓடிய பிறகுதான் இங்கே ஓட வேண்டாம் என்பது நினைவுக்கு வந்தது.

அன்று மதியம் முருகலட்சுமியின் போனுக்கு அழைப்பு வந்தது. பேசி முடித்துவிட்டு அவள் கொல்லைக்கு வந்தாள். முகம் மாறியிருந்தது.

"ஏ பிள்ள, ஒங்க மேடம் பேசுனாக. நாளைக் கழிச்சு நம்ம வீட்டுக்கு வாராகளாம். ஏரோப்ளேன்ல மதுரைக்கு வந்து, அங்கருந்து காரு."

தங்கலட்சுமி துவைத்துக்கொண்டிருந்த துணியைக் கல்லில் வைத்தாள்.

"எதுக்காம்?"

"நீ என்னமோ கையெழுத்துப் போடணுமாம். போட்டா டாக்டர் பட்டமாம். போன் எடுக்க மாட்டேங்கிறாளேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாக. அவ்வளவு பெரிய மனுசி தேடி வாராக, நீ போனை எடுக்காமக் கெடக்க. நாட்டுக்கோழி அடிக்கட்டா? சாப்புடுவாகளா?"

"சாப்புடுவாங்க."

"கல்யாணம் ஆகலைம்பியே. பூ வாங்கி வச்சா வைப்பாகளா?"

"வைப்பாங்க. சனிக்கெழமை ஆனா மல்லிகை வாங்குவாங்க."

"அப்ப மதுரைக்காரிதான்" என்று சொல்லிவிட்டு முருகலட்சுமி கோழியைப் பார்க்கப் போனாள்.

மங்கையர்க்கரசி மேடம் மன்னார்குடிக்காரர். தபால்காரர் மகள். முதல் மாதம் தங்கலட்சுமிக்கு மருந்து உறிஞ்சும் குழாயைப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை. மேடம் பின்னால் நின்று அவள் கட்டைவிரலை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தார். குளிர்காலத்தில் தன் சுவெட்டரைக் கொடுத்தார். சனிக்கிழமை காலைகளில் ஆங்கிலக் கட்டுரை ஒன்றை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பார். எழுதிக் கொடுப்பதைப் பச்சை மையில் திருத்துவார். ஒரு பிழையையும் விடமாட்டார். ஒரு பிழைக்கும் திட்டமாட்டார்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு தாள் கொடுப்பார். அதில் நான்கு கேள்விகள் இருக்கும். இந்த வருடம் என்ன கற்றாய்? அடுத்த வருடம் என்ன செய்வாய்? ஐந்து வருடத்தில் எங்கே இருப்பாய்? யாருக்குக் கற்றுக்கொடுத்தாய்? முதல் வருடம் தங்கலட்சுமி கடைசிக் கேள்வியைக் காலியாக விட்டிருந்தாள். மேடம் அதைச் சுற்றிப் பச்சை மையில் வட்டம் போட்டு, 'இது காலியாக இருக்கக் கூடாது' என்று எழுதினார். ஆறாம் வருடம் அவள் அதில் யுவராணி என்று எழுதினாள். யுவராணி திருச்சுழிப் பெண். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நேர்முகத் தேர்வில் பேச முடியாமல் நின்றவளைத் தங்கலட்சுமிதான் எடுக்கச் சொன்னாள். யுவராணியின் கட்டைவிரலை எடுத்துச் சரியான இடத்தில் வைத்ததும் அவள்தான்.

செல்கள் உள்ள முதல் குப்பியையும் அவள்தான் கொடுத்தாள்.

மறுநாள் வெயில் தாழ நல்லமுத்து செருப்பை மாட்டினார்.

"ஏத்தா, ஒரு எட்டு காட்டுக்கு வாரியா? பொழியில கருவேலங்கன்னு மொளச்சுக் கெடக்கு. ஈரத்தோட பிடுங்குனாத்தான் வேரோட வரும்."

இரண்டு ஏக்கர் கரிசல். கோடை உழவு போட்டு மழைக்குக் கிடந்தது. எல்லை வரப்பான பொழிக்கு அந்தப் பக்கம் இருளப்பசாமியின் மூன்று ஏக்கர். இப்போது அது சீமைக்கருவேலங்காடு. ஆள் உள்ளே போனால் தலை தெரியாது. அங்கிருந்துதான் கன்று இந்தப் பக்கம் வருகிறது.

இருவரும் குனிந்து பிடுங்கினார்கள். கொஞ்ச தூரம் போனதும் நல்லமுத்து நிமிராமலே கேட்டார்.

"என்னத்தா நடந்துச்சு? ஒங்க அம்மாட்டச் சொல்ல மாட்டேன்."

தங்கலட்சுமி கையிலிருந்த கன்றின் வேரை மண் போக உதறினாள். வெகுநேரம் உதறினாள்.

"நான் வளக்குற செல்லு இருக்குல்லப்பா. அது வாயில வந்த புத்துலருந்து எடுத்தது. நம்ம ஊருப் பொம்பளை ஒருத்தி, வெத்தலை போட்டுப் புத்து வந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவ. அவகிட்டருந்து மேடம் எடுத்து வளத்தாங்க. இருபத்தேழு வருசமா வளருது. ரெண்டு நாளைக்கு ஒருக்கா அதுக்குச் சாப்பாடு மாத்தணும்."

"ஞாயித்துக்கெழமையும் போகணும்ப, அதுக்குத்தானா?"

"ஆமா."

"பொங்கலுக்கு வராததும்?"

"ஆமா."

"மாடு கன்னு மாதிரித்தான். சரி, சொல்லு."

"வெளிநாட்டுப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்புனோம். அந்தச் செல்லு இன்னாரோடதுதான்னு ஒரு டெஸ்ட்டு எடுத்து அனுப்பச் சொன்னாங்க. போலீஸ்ல ஆள் அடையாளம் பாப்பாங்கள்ல, அந்த மாதிரி. அனுப்புனேன். அது அந்தப் பொம்பளையோடது இல்லப்பா."

நல்லமுத்து நிமிர்ந்தார்.

"வேற யாரோடது?"

"அமெரிக்காக்காரி ஒருத்தியோடது. கர்ப்பப்பை வாயில வந்த புத்து. அவ செத்து எழுவது வருசத்துக்கு மேல ஆச்சு. அவ செல்லு உலகம் பூராம் இருக்கு. வேகமா வளரும். ஒரு சொட்டு தவறி விழுந்தாப் போதும், இருக்கிற செல்லை அமுக்கிட்டு அது வளந்துரும். பாத்தா வித்தியாசம் தெரியாது."

நல்லமுத்து இருளப்பசாமியின் காட்டைப் பார்த்தார்.

"பழைய குப்பியையும் எடுத்து அனுப்பிப் பாத்தேன். மொதமொத உறைய வச்சது. அதுவும் அவதான். ஆரம்பத்துலயே போயிருச்சு. நான் ஏழு வருசமா வாய்ப்புத்துன்னு எழுதுனதெல்லாம் வாய்ப்புத்து இல்லை."

"ஒன் மேலயா தப்பு?"

"இல்லை."

"அந்தம்மா மேலயா?"

"அவங்களுக்கும் தெரியாது."

"அப்ப யாரு மேலயும் தப்பு இல்லையே."

"இப்பத் தெரியும்லப்பா. இனிமே தப்புதான்."

காற்றில் கருவேலங்காய் உரசும் சத்தம் கேட்டது. நல்லமுத்து பிடுங்கிய கன்றுகளைக் குவித்தார்.

"மொதல்லயே அந்த டெஸ்ட்டைப் பாத்திருக்கலாம்ல?"

"மொத வருசமே கேட்டேன். மேடம் சிரிச்சாங்க. 'நான் குடுத்ததை டெஸ்ட் பண்ணப் போறியா?'ன்னாங்க. அவங்க கை பட்டா எந்தச் செல்லும் வளரும்னு லேபுல எல்லாரும் சொல்வோம். தட்டு காஞ்சு போனா அவங்களைக் கூட்டிட்டு வந்துதான் போடச் சொல்வோம். அவங்ககிட்ட மறுபடி எப்படிக் கேக்க?"

"கேக்க முடியாதுதான்" என்றார் நல்லமுத்து. "ராசிக்காரி குடுத்த வெதையை எவன் நனைச்சுப் பாப்பான்?"

கடையில் வாங்கும் விதை என்றால் ஒரு பிடி அள்ளி ஈரச்சாக்கில் சுற்றி வைப்பார்கள். நூற்றுக்கு எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் விதைப்பார்கள். கைராசிக்காரர் கொடுத்தால் நனைப்பதில்லை. நனைத்தது தெரிந்தால் அடுத்த வருடம் அந்த வாசலில் போய் நிற்க முடியாது.

நல்லமுத்து பொழியில் உட்கார்ந்தார்.

"செல்லக்கிளி மதினி தெரியும்ல ஒனக்கு?"

"செத்துப்போனாங்களே, அவங்களா?"

"அவுகதான். நம்ம தெருவுல பாதிப் பேருக்கு அவுக வெதைதான். நாப்பது வருசமாக் குடுத்த கை. சாகுறதுக்கு முந்தின வருசம் எனக்குத்தான் மொதல்ல மல்லி குடுத்தாக. நான்தான் மொதல்ல வெதைச்சேன். பன்னெண்டு நாள் பாத்தேன். நாலுக்கு ஒண்ணுகூட மொளைக்கலை. கண்ணு தெரியாமப் பழைய மல்லியைக் கலந்துட்டாக போல."

"அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"என்னன்னு சொல்ல? வாசல்ல ஒக்காந்திருக்காக. நான் போகும்போதெல்லாம் 'மொளச்சிருச்சா கொழுந்தனாரே?'ன்னு கேக்குறாக. மொளச்சிருச்சு மதினின்னு சொல்லிட்டுப் போயிருவேன்."

அவர் ஒரு கன்றை எடுத்து முள்ளை ஒவ்வொன்றாக ஒடித்தார்.

"இருளப்பசாமி எனக்குப் பொறத்தாடி வெதைக்க நின்னான். அவனும் அதே வெதைதான் வாங்கி வச்சிருந்தான். இந்தா, இந்தப் பொழியில நின்னுதான் கேட்டான். 'என்ன மாமா, மல்லி தட்டுப்பட மாட்டேங்குது?'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஈரம் பத்தலைன்னேன்."

தங்கலட்சுமி அவரைப் பார்த்தாள்.

"மூணு ஏக்கரும் வெதைச்சான். ஈரம் நல்லா இருந்துச்சு. அவனுக்கும் தெரியும், ஈரம் நல்லா இருந்துச்சுன்னு. மாசியில ஆட்டை வித்துட்டுத் திருப்பூருக்குக் குடும்பத்தோட போயிட்டான். போற அன்னைக்கு வீட்டுக்கு வந்து, 'வாரேன் மாமா'ன்னு சொல்லிட்டுப் போனான். வேற ஒரு வார்த்தை கேக்கலை."

வெயில் இறங்கியது. தூரத்தில் திருச்சுழி ரோட்டில் பஸ் போகும் சத்தம் கேட்டது.

"நான் என்னப்பா செய்ய?"

"எனக்கு எப்படித்தா தெரியும்? தெரிஞ்சிருந்தா அன்னைக்கே நான் செஞ்சிருப்பேன்ல."

விதைப்பு நாள் காலை பதினோரு மணிக்கு மேடம் வந்தார். கார் தெருவுக்குள் வரவில்லை. சேற்றில் சக்கரம் சுற்றியதும் டிரைவர் ரோட்டிலேயே நிறுத்திவிட்டார். மேடம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அறுபது வயது. கதர்ச் சேலை. இரண்டு பாதத்திலும் கரிசல் அப்பி அது ஒரு செருப்புப் போல இருந்தது.

முருகலட்சுமி ஒரு குடம் தண்ணீரோடு ஓடினாள்.

"ஐயோ, இப்படிக் காலோட வரும்படி ஆயிருச்சே. இந்த மண்ணு சொந்தக்காரனையே விடாது, ஒங்களையா விடப்போகுது?"

"ஊத்துங்க, ஊத்துங்க. நான் மன்னார்குடி சேத்துல வளந்தவ. ஆனா இது வேற மாதிரி. விடமாட்டேங்குது."

தங்கலட்சுமி வாசலில் நின்றாள். மேடம் அவளைப் பார்த்தார்.

"இளைச்சுட்டியே."

"இல்ல மேடம்."

முருகலட்சுமி இலை போட்டாள். சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, பச்சை மல்லித் துவையல், மோர் மிளகாய். மேடம் குழம்பை இரண்டாம் முறை வாங்கினார். முருகலட்சுமிக்கு அதில் பாதி உயிர் வந்தது.

"எங்க பிள்ளையை ஆளாக்கி விட்டுட்டீக. நாங்க பெத்ததோட சரி."

"அவளே ஆனா. நான் ஓரமா நின்னேன்."

"ஒரே ஒரு கொறைதான். நீங்க கல்யாணம் பண்ணிக்கிடலையேன்னு இவளும் பண்ணாம இருக்காளோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

மேடம் சத்தமாகச் சிரித்தார். "அந்தப் பாடம் மட்டும் நான் நடத்தலைங்க. சத்தியமா."

"நீங்க சொன்னாக் கேப்பா. ஜெர்மனிக்குப் போறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க. குளிருமாமே அங்க."

"குளிரும். என் கோட்டு ஒண்ணு இருக்கு, அதைக் கொண்டுபோகச் சொல்லியிருக்கேன்."

தங்கலட்சுமி எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். ஜெர்மனியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. மேடம் எழுதிய சிபாரிசுக் கடிதம் மூன்று பக்கம். பட்டம் கிடைத்தால்தான் போக முடியும். டிசம்பர் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவள் பதிவு ரத்தாகிவிடும். அதற்குப் பிறகு ஏழு வருடத்துக்கு ஒரு தாள்கூட மிஞ்சாது.

நல்லமுத்துவின் போன் அடித்தது. மதன்குமார்.

"சித்தப்பா, விருந்து முடிஞ்சுச்சா இல்லையா? டிராக்டரு இங்க நின்னு மண்ணைப் பாத்து ஏங்குது. ஈரம் காயுது."

"வாரேன்டா. கோழி ஒனக்கும் எடுத்து வச்சிருக்கு."

"அப்ப நெதானமா வாங்க" என்றான் மதன்குமார்.

எல்லோரும் காட்டுக்குப் போனார்கள். முருகலட்சுமி விதைப்பெட்டியைத் தலையில் வைத்திருந்தாள். நல்லமுத்து முன்னால் போனார். மேடமும் தங்கலட்சுமியும் பின்தங்கினார்கள். பொழியோரம் ஓர் உடைமரம் நின்றது. மேடம் அதன் நிழலில் நின்றார்.

"ரிப்போர்ட்டை ராத்திரி பூரா படிச்சேன்" என்றார். "நீ மேஜைல வச்சுட்டு வந்த அன்னிக்கே. அடையாளம் பாத்த பதினஞ்சு இடத்துல பதினஞ்சும் அந்த அமெரிக்காக்காரிதான். சந்தேகமே இல்லை."

"ஆமா மேடம்."

"வாய்ப்புத்து வந்த அந்தம்மா முகம் எனக்கு ஞாபகம் இருக்கு. வெத்தலைக் காவி ஏறின பல்லு. நான்தான் ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல ஐஸ் பெட்டியோட நின்னேன். ஒரு வாரம் கழிச்சு அவங்க இறந்துட்டாங்க. செல்லாவது இருக்கேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இருபத்தேழு வருஷம். அவங்க என்கிட்ட இல்லவே இல்லை."

தங்கலட்சுமி உடைமரத்தின் பட்டையை நகத்தால் கீறினாள்.

"ஆய்வேட்டுல கடைசி அத்தியாயத்துல ஒரு வரி சேர்த்திருக்கேன். 'செல்லின் அடையாளம் மேலும் உறுதிசெய்யப்பட வேண்டியது.' அது பொய் இல்லை."

"உறுதி ஆயிருச்சே மேடம்."

"தெரியும்."

"பச்சை மையில இதைத் திருத்தியிருப்பீங்க. வேற யாராவது எழுதியிருந்தா."

மேடம் அவளைப் பார்த்தார். பிறகு டிராக்டரைப் பார்த்தார்.

"திருத்தியிருப்பேன். மார்ச்ல நான் ஓய்வு பெறேன், தங்கம். இதுவரைக்கும் பதினாறு பேர் இந்தச் செல்லுல பட்டம் வாங்கிப் போயிருக்காங்க. ஒருத்தர் காலேஜ் பிரின்சிபால். ஒருத்தி அம்மாவை வச்சுக் காப்பாத்துறா. நான் தூக்கிவிட்டவங்க எல்லாரையும் என் கையாலேயே கீழ இறக்கச் சொல்றியா? நீ சொல்லு, இறக்கறேன். நான் உன்னைக் கட்டாயப்படுத்தலை. நிஜமாத்தான் கேட்கறேன்."

"யுவராணி?"

"அவளுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. மெதுவா வேற செல்லுக்கு மாத்திடலாம்."

"யாரு மாத்துவா? நீங்க இருக்க மாட்டீங்க. நானும் இருக்க மாட்டேன்."

மேடத்தின் கை சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தது. பதிமூன்று நாளில் அவருக்கு வயது கூடியிருந்தது. முதல் மாதம் தன் கட்டைவிரலைப் பிடித்த கை அது என்று தங்கலட்சுமி நினைத்தாள். அவளுக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏ பிள்ள, மேடத்தைக் கூட்டிட்டு வா" என்று முருகலட்சுமி கூப்பிட்டாள்.

காட்டின் வடகிழக்குச் சனிமூலையில் சாணியில் பிள்ளையார் பிடித்து அறுகம்புல் செருகியிருந்தது. பக்கத்தில் விதைப்பெட்டி. மதன்குமார் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி நின்றான்.

"செல்லக்கிளி அக்கா போனதுலருந்து மொதப் பிடி போட ஆள் இல்லை மேடம்" என்றாள் முருகலட்சுமி. "ரெண்டு வருசமா இவுகளே போடுறாக. ஒண்ணும் சொகமில்லை. நீங்க போடணும்."

"நானா? எனக்கு வெதைக்கத் தெரியாதுங்க."

"தெரிய வேண்டாம். எங்க பிள்ளையைத் தொட்டு ஆளாக்கின கை. அது போதும். இந்தாங்க."

அவள் மேடத்தின் வலது கையைப் பிடித்து உள்ளங்கையில் மல்லியை வைத்தாள். உடைத்த மல்லி. இரண்டு பாதியாகக் கிடந்தது. மேடம் கையை நீட்டியபடி நின்றார்.

நல்லமுத்து மகளைப் பார்த்தார். பொழியில் அவர் குவித்த கருவேலங்கன்றுகள் வாடிக் கிடந்தன.

மேடமும் அவளைத்தான் பார்த்தார்.

"போடட்டுமா, தங்கம்?"

முருகலட்சுமி சிரித்தாள். "அவகிட்ட என்ன கேக்குறீக? அவளுக்கு மல்லியைத் தேய்க்கவே தெரியலை."

"சின்னம்மா, காயுது" என்றான் மதன்குமார்.

தங்கலட்சுமி வாயைத் திறந்தாள். அம்மாவின் முகம் தெரிந்தது. கோழிக் குழம்பு வாங்கிச் சாப்பிட்டதற்கே அவ்வளவு சந்தோஷப்பட்ட முகம்.

"போடுங்க மேடம்" என்றாள்.

மேடம் வீசினார். மல்லி பரவாமல் ஒரே இடத்தில் விழுந்தது. முருகலட்சுமி குலவையிட்டாள். நல்லமுத்து பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அந்த இடத்துக்குப் போய், குவிந்த விதையைக் காலால் பரப்பிவிட்டு, நடக்கத் தொடங்கினார். மூன்று எட்டுக்கு ஒரு வீச்சு. அவருக்குப் பின்னால் டிராக்டர் மண்ணைப் புரட்டி மூடிக்கொண்டு வந்தது.

மேடம் பையிலிருந்து தாள்களை எடுத்தார். இந்த ஆய்வேட்டில் உள்ளவை யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்று ஒரு பக்கம். கீழே அவள் பெயர். வைத்து எழுத இடம் இல்லை. முருகலட்சுமி சோறு கொண்டுவந்த தூக்குவாளியின் மூடியைத் துடைத்துக் கொடுத்தாள். மேடம் பேனா கொடுத்தார். பச்சை மை.

"இதுல போடலாமா?"

"போடு. எந்த மையா இருந்தாலும் சரிதான்."

தங்கலட்சுமி கையெழுத்துப் போட்டாள். மூன்று இடத்தில். மேடம் மையை ஊதி உலர்த்தினார்.

"பட்டம் வந்தா ஊருக்கே சோறு போடணும்" என்றாள் முருகலட்சுமி.

"போடுங்க. நானும் வரேன்" என்றார் மேடம். தங்கலட்சுமியின் தோளில் கைவைத்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். முருகலட்சுமி தண்ணீர்க் குடம் எடுக்கக் கூடவே போனாள்.

தங்கலட்சுமி உடைமரத்தடியில் உட்கார்ந்தாள். போன் அடித்தது. யுவராணி. பதிமூன்று நாளில் முதல்முறையாக எடுத்தாள்.

"அக்கா! எடுத்துட்டீங்களா! என்னக்கா, ஊருல மழையாமே? எங்க அப்பா சொன்னாரு. ஆட்டோ ரெண்டு நாளாச் சேத்துல நிக்குதாம்."

"ஆமா. வெதைப்பு நடக்குது."

"நான் போட்டோ அனுப்புனேனே, பாத்தீங்களா? நீங்க குடுத்த குப்பிதான்க்கா. தட்டு ரெண்டே நாள்ல நெறஞ்சிருது. மத்த லேபுக்காரங்க பொறாமைப்படுறாங்க. இவ்வளவு வேகமா எப்படி வளருதுங்கிறாங்க. ராணி கை ராசி இல்லை, தங்கக்கா கை ராசின்னு சொன்னேன்."

தங்கலட்சுமி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். மேடம் இல்லாததுனால நான்தான் உறைபெட்டி நோட்டைப் பாத்தேன். நீங்க பழைய குப்பி ஒண்ணை எடுத்து ஏதோ அடையாள டெஸ்ட்டுக்கு அனுப்புன மாதிரி எழுதியிருக்கு. என்னோடதையும் ஒரு தடவை அனுப்பிப் பாக்கட்டுமாக்கா? ஆரம்பத்துலயே பாத்துக்கிட்டா நல்லதுதானே?"

நல்லமுத்து காட்டின் அந்தக் கோடியில் திரும்பி, இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார். டிராக்டர் ஒரு வளைவில் நின்றிருந்தது. சத்தம் இல்லை.

தங்கலட்சுமி சிரித்தாள். மேடம் அன்று எப்படிச் சிரித்தாரோ அப்படி. அந்தச் சிரிப்பு தனக்கு வரும் என்று அவளுக்குத் தெரியாது.

"நான் குடுத்ததை டெஸ்ட் பண்ணப் போறியா?"

"ஐயோ, இல்லக்கா. சும்மாதான் கேட்டேன். சாரிக்கா."

பொழியோரம் வந்துவிட்ட நல்லமுத்து, வீச எடுத்த கையோடு நின்றார். விரலிடுக்கில் மல்லி வழிந்தது. பிறகு வீசிவிட்டு, மகளைப் பார்க்காமல் திரும்பி நடந்தார்.